அம்புலன்ஸ் வாங்க முதல்: வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும், அந்தக் குழுக்களுக்குக் காசு அனுப்புகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

31 வருடம் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் கல்முனையை அண்டிய கரைவாகுப் பக்கத்திலும் உள்ள சின்ன வைத்தியசாலைகளில் போனது. போன மாதம் ஒரு குழு தன் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தது. எந்தக் குழு என்பதை விடுவோம். எல்லாக் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. சுவிஸ், கனடா, கட்டாரில் இருக்கிற பிள்ளைகள் சேர்த்த காசு வந்து சேர்ந்திருந்தது. ஒரு அம்புலன்ஸ் வாங்குவது என்று முடிவு. வண்டியின் பக்கத்தில் யாருடைய பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்பதில் முக்கால் மணித்தியாலம் போயிற்று. பொன்னாடைக்கு இருபது நிமிடம். நான் கையைத் தூக்கியபோது தேத்தண்ணி வந்துவிட்டது. சரி, சொல்ல வந்ததை எழுதியாவது விடுவோம் என்று எழுதுகிறேன்.

பதினெட்டு வருடத்துக்கு முந்திய ஒரு மாசி மாதம். வயல் வெட்டு நடக்கிற காலம். தார் ரோட்டு பகல் வெயிலை இரவு வரைக்கும் வைத்திருக்கும். கட்டாக்காலி மாடுகளுக்கு அதுதான் பாய். இரவு எட்டரைக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பொடியன். கறுப்பு மாடு படுத்திருந்தது கண்ணில் படவில்லை. மோட்டார் சைக்கிளோடு தூக்கி எறியப்பட்டவனை இரண்டு கூட்டாளிமார் ஓட்டோவின் பின் சீற்றில் நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. ஓட்டோக்காரக் காக்காவின் சாறன் முழுக்க இரத்தம். அவர் அழுதுகொண்டு நின்றார்.

“வரக்குள்ள நல்லா குறட்டை விட்டான் சேர்” என்றான் கூட்டாளி. “கேற்றடிக்கு வரக்குள்ளதான் நிண்டது. நோவு ஆறித் தூங்கிட்டான் போல எண்டு நினைச்சம்.”

அந்தக் குறட்டை என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். நினைவிழந்தவனின் நாக்கு தளர்ந்து பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். கழுத்து மடிந்திருந்தால் இன்னும் அடைக்கும். மிச்சமிருந்த சின்ன இடைவெளியால் காற்றுப் போகிற சத்தம் அது. சத்தம் நின்றது, அந்த இடைவெளியும் மூடியபோது.

உள்ளே நாங்கள் ஐந்து பேர். தலையில் பெரிய வெட்டு. தலைத்தோல் கிழிந்தால் இரத்தம் கொட்டும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நான் பஞ்சும் பண்டேஜும் எடுத்துக்கொண்டு அந்தக் காயத்துக்கு ஓடினேன். முதல் நியமனத்தில் வந்திருந்த டொக்டர் தம்பி கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார். ஒருவர் சலைன் தொங்கவிட்டார். ஒருவர் பொலிஸ் புத்தகத்துக்குப் பெயர், விலாசம் கேட்டார். மூலையில் ஒரு மொனிற்றர் இருந்தது. உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் தந்தது. மேலே பிளாஸ்டிக் உறை, சுவரில் பளிங்குக் கல், கல்லில் தந்தவர்களின் பெயர்கள். ஐந்தாமவர் அந்த உறையைக் கழற்றி வயரைத் தேடிக்கொண்டிருந்தார். பொடியனின் வாய்ப்பக்கம் ஒருவரும் இல்லை.

மூன்று, நான்கு நிமிடம் இருக்கும். டொக்டர் தம்பி நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். உதடு நாவல்பழ நிறம். பிறகு குழாய் போடப் பார்த்தோம், நெஞ்சை அமத்தினோம், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். நேரத்தை எழுதியது நான்தான். தாய் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு போத்தல் இருந்தது. “எண்ட புள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுங்க மனே” என்றா.

மூளைக்குள்ளும் அடி இருந்திருக்கலாம். ஆனால் அந்த நான்கு நிமிடம் எங்கள் கையில் இருந்தது. அதற்கு வேண்டியிருந்தது கழுத்தை அசையாமல் பிடிக்க ஒருவர், கீழ்த்தாடையின் இரண்டு மூலையிலும் விரல் வைத்து முன்னால் தள்ள ஒருவர். மின்சாரம்கூடத் தேவையில்லை. நான் தலையில் பண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தேன். வடிவாகத்தான் சுற்றினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். மேசையில் ஒரு பொம்மை. படிப்பித்தவர் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். இரத்தம் என்றேன். “இரத்தம் நிற்கும்வரை மூச்சு காத்திருக்குமா?” என்று திருப்பிக் கேட்டார். கழுத்தைக் காத்தபடி மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு இரத்த ஓட்டம், பிறகு மூளை, கடைசியில் உடுப்பைக் கழற்றி முழு உடம்பு, குளிராமல் போர்வை. ஒழுங்கு இவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையும் பாடமாக்கும். ஐந்து பேர் கத்தி, தாய் கதவடியில் விழுந்து அழுகிறபோது அதே ஒழுங்கில் கை போவதுதான் கஷ்டம். அதற்கு ஒரே வழி பழக்கம்: யார் தலைமாட்டில் நிற்பது, யார் சத்தமாகக் கட்டளை சொல்வது, யார் எழுதுவது என்று முதலே பிரித்து, பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்வது. முதல் ஆள் தலைமாட்டை விட்டு அசையக் கூடாது. என்ன நடந்தாலும்.

இந்த ஒழுங்கு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது இல்லை. 1976 பெப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர் ஓட்டிய சின்ன விமானம் வயல் வெளியில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்துபோனார். நான்கு பிள்ளைகளோடு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவர், அங்கே தன் பிள்ளைகளைக் கவனித்த விதத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஆட்கள் கெட்டவர்கள் அல்ல, எதை முதலில் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1978இல் அதே மாநிலத்தில் இந்த ஒழுங்கைப் படிப்பிக்கும் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அதைத் தன் வகுப்பாக எடுத்துக்கொண்டது. பணக்கார நாட்டின் வயல்காட்டு ஆஸ்பத்திரியும் நம்முடையதைப் போலத்தான் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். சின்னப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வகுப்புக்குச் செலவு கூட. அதனால் வசதி குறைந்த நாடுகளுக்கென்று 1997இல் பிஜித் தீவில் ஒரு எளிய இரண்டு நாள் வகுப்பைத் தொடங்கினார்கள். இரண்டு நாள் படித்தவர்களில் கெட்டிக்காரரை மூன்றாம் நாள் ஆசிரியராக்கிவிடுவார்கள், அவர் தன் ஊரில் போய்ப் படிப்பிப்பார். உலக சுகாதார நிறுவனத்திடமும் தாதியர், டொக்டர்மார் சேர்ந்து படிக்கும் ஐந்து நாள் வகுப்பு இருக்கிறது. புதிதாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

படித்தால் ஆள் பிழைக்குமா என்று பொருளாளர்மார் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், அது ஊர்க் காசு. டிரினிடாட்டில் டொக்டர்மாருக்கு அந்த அமெரிக்க வகுப்பின் பயிற்சி கொடுப்பதற்கு முந்திய வருடங்களையும் பிந்திய வருடங்களையும் ஜமீல் அலி என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் குழு ஒப்பிட்டு 1993இல் எழுதியது. கடும் காயத்தோடு வந்தவர்களில் முன்பு நூற்றுக்கு 67 பேருக்கு மேல் செத்தார்கள். பிறகு நூற்றுக்கு 33, 34 பேர். ஏறக்குறையப் பாதி. இதைச் சொன்னதும் ஒரு டொக்டர் தம்பி என்னை மடக்கினார்: முன்பு, பின்பு என்று ஒப்பிட்டால் இடையில் வேறு எவ்வளவோ மாறியிருக்கலாம், முறையான ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடிய கொக்ரேன் மீளாய்வு (உலகெங்கும் வந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது), இந்தப் பயிற்சி உயிரைக் காக்கிறது என்று நிறுவ அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதானே சொல்கிறது என்றார். நியாயமான பேச்சு. அறிவு கூடுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு என்று அந்த மீளாய்வும் சொல்கிறது. எனக்கு அந்த மாசி மாத இரவு இருக்கிறது. நான் ஆய்வுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. அது எங்கள் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். 1997 தொடக்கம் 2001 வரை வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் மிதிவெடி நிறைந்த கிராமங்களில் ஹான்ஸ் ஹூசும் என்ற நோர்வே டொக்டரும் கூட்டாளிகளும் வேலை செய்தார்கள். 130 சொச்சம் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி. அவர்களைக் கொண்டு கமக்காரர், கடைக்காரர் என்று சுமார் 5,000 ஊராட்களுக்கு முதலுதவி. ஆஸ்பத்திரி மணித்தியாலக் கணக்கான தூரம். தொடங்க முதல் காயப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் செத்த இடத்தில் அது 15க்கு இறங்கியது. புது ஆஸ்பத்திரி கட்டி இறக்கவில்லை. காயப்பட்டவன் விழுந்த இடத்தில் மூச்சையும் இரத்தத்தையும் பார்க்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் படுவான்கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளத்தில் வாவியைக் கடந்து, கரையில் கிடைத்த வாகனத்தில் ஏற்றிக் காயக்காரரைக் கொண்டுவந்த சனம் அது. சுனாமி அன்றைக்கும், 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றைக்கும், கை கொடுக்க எங்கள் சனம் தயங்கவில்லை. கையைக் கொடுப்பார்கள், காலைக் கொடுப்பார்கள், இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எப்படித் தூக்குவது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் காயத்துக்குக் கோப்பித்தூள் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இனி அம்புலன்சுக்கு வருவோம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, 2018இலிருந்து நாடு முழுக்கப் பரவியது. அந்த விரிவோடு வண்டி 297 ஆயிற்று. எங்கள் பக்கமும் ஓடுகிறது, ஒரு சதமும் கேட்பதில்லை. வைத்தியசாலைகளுக்கும் சொந்த வண்டி உண்டு. எங்களுக்கு ஓட்டை இருப்பது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, அம்புலன்ஸ் வரும்வரை ரோட்டில் கிடக்கிற முதல் பத்து நிமிடம். மற்றது, சின்ன ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கு உள்ளே வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ‘ட்ரான்ஸ்பர்’ எழுதும்வரை போகிற நேரம். நீங்கள் வாங்கப் போகிற வண்டி இரண்டையும் அடைக்காது. மூச்சுப் பாதை திறக்காத ஒருவனை சைரன் அடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் ஓட்டினால், பிரேதத்தைத்தான் வேகமாகக் கொண்டுபோகிறோம்.

முதல் பத்து நிமிடத்துக்கு யார் நிற்கிறார்? கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அந்த நெடுஞ்சாலையில் ஒரு நாள் நின்று பாருங்கள். விபத்து நடந்தால் முதலில் வருகிறவர் ஓட்டோக்காரர். இல்லாவிட்டால் பட்டா என்ற சின்ன லொறி ஓட்டுகிறவர், சந்தியில் மீன் விற்கிறவர், உழவு மெசின்காரர். கானாவில் இதை யோசித்துத்தான் 335 வாடகை வாகனச் சாரதிகளுக்கு ஆறு மணித்தியால வகுப்பு ஒன்று வைத்தார்கள். பிறகு தேடிப் போய்க் கேட்டபோது பத்தில் ஆறு பேர் படித்ததை யாரோ ஒருவருக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆறு மணித்தியாலம்! நாங்கள் கல் திரைநீக்கத்துக்கே அவ்வளவு நேரம் எடுக்கிறோம்.

ஓட்டோத் தம்பிமாரோடு நான் கதைத்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு பயம். பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய வேண்டி வரும் என்பது ஒன்று. தங்கள் கையில் ஆள் செத்துவிடுவான் என்பது மற்றது. படிப்பித்தால் இரண்டாவது பயம் குறையும். முதலாவதற்கு வகுப்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரையும் கூப்பிட்டு இருத்துங்கள். அவரும் படிக்கட்டும், இவர்களும் அவரிடம் நேரே கேட்கட்டும். படிப்பிக்க வேண்டியது கொஞ்சம்தான். மூச்சு இருந்து, ரோட்டில் வேறு ஆபத்து இல்லை என்றால் 1990க்கு அடித்துவிட்டு அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரு. குறட்டை கேட்டால் தாடையை முன்னே தள்ளு. வாந்தி வந்தால் உடம்பை ஒன்றாகச் சேர்த்துச் சரித்துப் படுக்கவை. இரத்தம் கொட்டுகிற இடத்தைத் துணியால் அமத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே. தண்ணி கொடுக்காதே. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓட்டோவில் மடித்து இருத்தாதே, பட்டா ஒன்றை மறி.

உள்ளே நடக்க வேண்டியது எங்கள் ஆட்களின் வேலை. அங்கேயும் காசு மெசினுக்குத்தான் போகிறது. உழவு மெசின் பெட்டிச் சில்லு இடுப்பில் ஏறிய ஒரு கமக்காரர் வந்தால் வெளியே ஒரு சொட்டு இரத்தம் இருக்காது. உள்ளே லீற்றர் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். கட்டில் விரிப்பை மடித்து, இடுப்பெலும்பில் இல்லாமல் அதற்குக் கீழே தொடை எலும்பு முட்டி நிற்கிற மட்டத்தில் இறுக்கிக் கட்டத் தெரிந்த ஒரு மிஸ்ஸி இருந்தால் போதும், அந்தக் கமக்காரர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குவார். ட்ரனெக்சாமிக் அசிட் என்ற மலிவான ஊசி மருந்து இருக்கிறது. 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயக்காரரில் பரீட்சித்து 2010இல் வெளியிட்டார்கள். காயப்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது. பிந்திக் கொடுத்தால் கெடுதலும் வரலாம். மருந்து அலுமாரியில் இருப்பதைவிட, நேரம் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது முக்கியம்.

சிற்றூழியர்களை வகுப்புக்குக் கூப்பிட மறக்காதீர்கள். எப்போதும் மறக்கிறோம். நான் படித்துவிட்டு வந்து, ஓய்வு நேரத்தில் தலையணையையும் ஒரு பழைய பொம்மையையும் வைத்து எங்கள் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். தள்ளுகட்டில் தள்ளுகிற தங்கச்சி ஒருத்தியும் கதவடியில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் அவளையும் கூப்பிட்டுப் பழக்கினேன். அடுத்த வருடம் புளியமரத்திலிருந்து விழுந்த ஒன்பது வயதுப் பொடியன் வந்தான். அதே குறட்டை. நான் திரும்பிப் பார்க்க முதல் அவள் தலைமாட்டில் நின்றாள். போதனா வைத்தியசாலைக்குப் போகும் வரைக்கும் அம்புலன்சில் முழங்காலில் நின்று அந்தத் தாடையை விடவில்லை. இறங்கும்போது அவளுடைய விரல்களை நிமிர்த்த முடியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிவிட்டேன். அந்தப் பொடியன் ஓ.எல். எழுதி முடித்துவிட்டான். அவளுக்கு ஒரு பொன்னாடையும் யாரும் போர்த்தவில்லை.

நான் கேட்பது இதுதான். வண்டிக் காசில் ஒரு பங்கை எடுத்து இரண்டு பொம்மை வாங்குங்கள். வகுப்பு நாளில் ஓட்டோக்காரருக்கு அன்றைய உழைப்பைக் கொடுங்கள். சும்மா வா என்றால் வரமாட்டார்கள், வரவும் கூடாது. வகுப்பு தமிழில் நடக்கட்டும், அம்பாறைப் பக்கம் சிங்களத்திலும். கோயிலிலும் பள்ளியிலும் தனித்தனியாக வைக்காமல் ஒரே மண்டபத்தில் வையுங்கள், காயக்காரன் எந்த ஊர் ஓட்டோவில் ஏறுவான் என்று யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் போனால் கை மறந்துவிடும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரை நாள் திரும்பவும். சின்ன ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு நாள் வகுப்புக்குப் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வேண்டும். அதைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையோடு கதைத்து எடுக்க உங்களைப் போன்ற செல்வாக்குள்ளவர்களால்தான் முடியும், ஓய்வு பெற்ற என்னால் முடியாது.

இன்னொன்று, மலிவானது. அவசர சிகிச்சை அறைக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். காயக்காரன் எத்தனை மணிக்கு விழுந்தான், எதில் வந்தான், வரும்போது மூச்சுப் பாதையைப் பிடித்திருந்தார்களா, பிழைத்தானா. நான்கு நிரல். டிரினிடாட்காரருக்குப் பாதியாகக் குறைந்தது என்று எண்ணிச் சொல்ல முடிந்தது, அவர்கள் எழுதி வைத்ததால். இரண்டு வருடம் கழித்து நீங்கள் அந்தக் கொப்பியைப் புரட்டி, இது வீண் செலவு என்று கண்டால் அம்புலன்சையே வாங்குங்கள். வந்து கை தட்டுகிறேன்.

எங்கள் சந்தி ஓட்டோத் தரிப்பிடத்தில் பன்னிரண்டு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். மீன் சந்தையில் நான்கு பேர். ஞாயிறு என்றால் எல்லோராலும் வர முடியும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, அந்தத் தங்கச்சியும் வருகிறேன் என்றிருக்கிறாள். மண்டபத்துத் திறப்பு உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு